அழகுபாண்டியின் பதிவு பெற்ற விருப்பங்கள்

அழகுபாண்டிக்கு விருப்பங்கள் மொத்தம் ஏழு. ஏழையும் தன் கணினியில் ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்திருந்தார்.

காளவாசலில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மூன்று மாடிகளில் நடந்த மென்பொருள் நிறுவனத்தில் அவர் பதினாறு வருடமாக நிரல் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடத்துக்கு முன் எல்லோருக்கும் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கொடுத்தார்கள். இன்னது வேண்டும் என்று தட்டச்சு செய்தால் நிரலை அதுவே எழுதிவிடும். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் நேற்றுச் சொன்னது இன்று அதற்கு நினைவிருக்காது. அதனால் வேலையைத் தொடங்குமுன் அது படித்துக்கொள்ள, தனக்கு எது எப்படி இருக்க வேண்டும் என்று அவரவர் எழுதி வைத்துக்கொள்ளலாம். அழகுபாண்டி எழுதினார். பெயர்களைச் சுருக்காதே. ஒரு துண்டு நிரலுக்கு ஒரு வேலை போதும். எழுதியதைச் சோதிக்காமல் முடிந்தது என்று சொல்லாதே. இப்படி ஆறு வரி.

ஏழாவது வரி வந்தது ஓர் ஆஸ்பத்திரியில். நகருக்கு மேற்கே ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்கு டயாலிசிஸ் நேரம் ஒதுக்கும் மென்பொருள் செய்யும் வேலை அவரிடம் வந்திருந்தது. நேரில் பார்த்துவிட்டு வரலாமென்று போனார். கவுண்டரில் இருந்த சத்யப்ரியா தன் நோட்டைக் காட்டினாள். ஆறு நோயாளிகளுக்கு ஒரே செல்போன் எண். தப்பா என்று கேட்டார். தப்பில்லை, அது மொக்கையன் நம்பர் என்றாள். மொக்கையன் ஷேர் ஆட்டோக்காரர். நான்கு கிராமங்களிலிருந்து ஆறு பேரையும் அள்ளிக்கொண்டு வருகிறவர் அவர்தான். பக்கத்து பெஞ்சில் இருந்த மலைச்சாமி என்பவர் அதை இன்னும் தெளிவாகச் சொன்னார். "எனக்கு போனெல்லாம் நோண்டத் தெரியாது தம்பி. மொக்கையன் ஆரன் அடிச்சா கெளம்பிருவேன். செவ்வாயும் வெள்ளியும். அம்புட்டுதான் நமக்குத் தெரியும்."

அழகுபாண்டி விளாங்குடியில் இருந்த தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அலுவலகம் திரும்பி ஏழாவது வரியை எழுதினார். 'யாருடைய பெயரையும் நீக்குமுன் நின்று என்னைக் கேள்.'

அதற்குப் பிறகு எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. உதவியாளர் நின்றது, கேட்டது. அவர் பார்த்துச் சொன்னார்.

நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஸ்ரீகுமார் வெளியூரில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தது அதன் பிறகுதான். அங்கே யாரோ, நிரலாளர்களின் விருப்பங்களைப் பதிவு செய்து வைப்பதே எதிர்காலம் என்று பேசியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் தன் நிறுவனத்தில் ஏற்கெனவே அறுபது பேர் ஆளுக்கொரு கோப்பு வைத்திருப்பதைக் கேள்விப்பட்டு மனம் நொந்தார். இவ்வளவு முக்கியமான ஒன்று எந்த அனுமதியும் இல்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அடுத்த மாதமே வாசலில் வாழைமரம் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, மூன்றாம் மாடியில் விருப்பப் பதிவுத் துறை திறக்கப்பட்டது. அதன் தலைவராக ஹாலாஸ்யம் அமர்ந்தார். ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். நிரல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை. தெரிந்தவரிடம் பாரபட்சம் இருக்கும் என்பதால்தான் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று முதல் கூட்டத்திலேயே விளக்கினார்.

படிவம் பதினெட்டுப் பக்கம். ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு படிவம். விருப்பம் தோன்றிய தேதி, தோன்றிய இடம், தோன்றக் காரணமானவர், இதே விருப்பம் குடும்பத்தில் வேறு எவருக்கேனும் உண்டா என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. அழகுபாண்டி ஏழு படிவம் வாங்கினார். வரிசையில் நிரப்பிக் கொடுத்தால், விருப்பம் அவருக்குச் சொந்தமானதுதானா என்று கேள்வி வந்தது. இங்கே சேர்வதற்கு முன் வேறு நிறுவனத்தில் இருந்தவர் அல்லவா? அந்த விருப்பம் அங்கே தோன்றியிருந்தால் அது அவர்கள் சொத்து. ஆட்சேபணை இல்லையென்று அவர்களிடம் கடிதம் வாங்கி வரவேண்டும்.

பழங்காநத்தத்தில் அந்த அலுவலகம் இருந்த கட்டடத்தில் இப்போது அழகு நிலையம் இருந்தது. பழைய முதலாளி மனை விற்கும் தொழிலுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அலைந்து அவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னபோது, அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, தன் புதுத் தொழிலின் தாளிலேயே எழுதிக் கொடுத்தார். 'மேற்படி நபர் எங்களிடம் பணியாற்றிய மூன்று ஆண்டுகளில் அவருக்கு எந்த விருப்பமும் இருந்ததில்லை எனச் சான்றளிக்கிறேன்.' ஹாலாஸ்யம் அதைப் பார்த்து, இவ்வளவு தெளிவான சான்றிதழைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று பாராட்டினார்.

அடுத்தது வாய்மொழிப் பதிவு. கேமராவுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு சாட்சிகள் பார்த்திருக்க, தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரலில் வரியைத் தொடங்குமுன் நான்கு இடம் விடுவது தனக்குப் பிடிக்கும் என்றார் அழகுபாண்டி. ஏன் மூன்று இல்லை என்று ஹாலாஸ்யம் கேட்டார். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. 'விருப்பதாரர் மௌனம்' என்று பதிவானது.

அறுபது பேருடைய விருப்பங்களும் வந்து சேர்ந்த பிறகு, அவை ஒன்றுக்கொன்று வேறுபடுவதைத் துறை கண்டுபிடித்தது. ஒருவர் விரும்புவதை மற்றவர் விரும்பாமல் இருப்பது பணியிடச் சமத்துவத்துக்கு எதிரானது. ஆகவே எல்லா விருப்பங்களும் ஒன்றாக்கப்பட்டன. அட்டையில் மட்டும் அவரவர் பெயர் தனித்தனியே அச்சாகியிருந்தது. இதன் மூலம் தனித்தன்மை காக்கப்பட்டிருக்கிறது என்று சுற்றறிக்கை சொன்னது. அழகுபாண்டியின் ஏழு வரி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமாகியிருந்தது. முதல் நாற்பது பக்கம் ஸ்ரீகுமாரின் செய்தி. உதவியாளர் தினமும் காலையில் அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியது. படித்ததை அது பொருட்படுத்தவும் செய்தது. ஆஸ்பத்திரிக் கவுண்டர் திரையில் நோயாளிகளின் பெயர்களுக்கு மேலே 'வேகமே எங்கள் மூச்சு' என்ற வாசகம் ஒருநாள் தானாக வந்து உட்கார்ந்தது. எடுக்கச் சொல்லி அழகுபாண்டி எழுதிய கடிதத்துக்கு, அது அவரது பதிவு பெற்ற விருப்பம்தான், பக்கம் பதினொன்றைப் பார்க்கவும் என்று பதில் வந்தது.

பார்த்தார். பார்த்துக்கொண்டே போனபோதுதான் ஏழாவது வரி அங்கே இல்லை என்று தெரிந்தது. மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

ஹாலாஸ்யம் கோபக்காரர் இல்லை. உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, கோப்பை எடுத்துப் பொறுமையாக விளக்கினார். "நின்னு கேக்கணும்னு எழுதியிருக்கீங்க. நிக்கிறதுன்னா வேலை நடக்கலைன்னு அர்த்தம். வேலை நடக்கக் கூடாதுங்கறது உங்க விருப்பமா? இருக்காது. அடுத்து, கேக்கணும்கறீங்க. கேக்கறது சந்தேகம். சந்தேகத்துக்கு நம்ம படிவத்துல கட்டம் கிடையாது."

"ஒரே நம்பர்ல ஆறு பேரு இருக்காங்க சார். ஆறும் வேற வேற ஆளு. அது மெஷினுக்குத் தெரியாது" என்றார் அழகுபாண்டி.

அது தகவல், விருப்பம் இல்லை என்றார் ஹாலாஸ்யம். தகவலுக்கு வேறொரு துறை வரப்போகிறது. இன்னும் இடம் பார்க்கவில்லை. அதுவரை எதிர்மறையாக இருந்ததை நேர்மறையாகத் திருத்தி வைத்திருக்கிறோம் என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'தேவையற்ற பதிவுகளைத் தயக்கமின்றி நீக்குவதையே நான் விரும்புகிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

பக்கத்து இருக்கை பிரியம்வதா தன் படிவம் முழுவதிலும் 'விருப்பமில்லை' என்று எழுதிக் கொடுத்தவள். அவளிடமிருந்து உதவியாளரைப் பிடுங்கிவிட்டு, பதிவு முகாமுக்கு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கும் வேலையில் போட்டிருந்தார்கள். அவள் அன்று சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் வந்து, "கையெழுத்துப் போடாதீங்கண்ணே. நாளைக்கு அது உங்க வாக்குமூலம் ஆயிரும்" என்றாள்.

போடாவிட்டால் அவருடைய கணினி திறக்காது. ஆஸ்பத்திரி வேலை பாதியில் நிற்கும். தவிர, மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நாற்பத்துமூன்று வயதில் அவரும் டோக்கன் கொடுக்கப் போக வேண்டுமா என்றும் நினைத்துப் பார்த்தார். எது நீங்குகிறது என்று நாம்தான் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவோமே என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். எல்லாப் பக்கத்திலும் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கள்கிழமை அவர் மறுபதிவு முகாமில் இருந்தார். மூன்றா நான்கா என்ற கேள்விக்கு மறுபடி கேமரா முன் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் உதவியாளர் ஆஸ்பத்திரிப் பட்டியலைச் சுத்தம் செய்தது. ஒரே எண்ணில் ஆறு பெயர்கள் இருப்பதைக் கண்டு, பட்டியலில் மேலே இருந்த பேயாண்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் தயக்கமின்றி நீக்கியது. காலியான ஐந்து நேரங்களையும் காத்திருப்போருக்கு அந்த நிமிடமே ஒதுக்கியது. பிழை என்று எதுவும் இல்லை. வேலை பதினொரு வினாடியில் முடிந்ததைத் துறை தன் தகவல் பலகையில் பச்சை நிறத்தில் காட்டியது.

செவ்வாய்க்கிழமை மொக்கையனின் ஆட்டோவிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள். ஒருவருக்குத்தான் பெயர் இருந்தது. சத்யப்ரியா திரையைத் தட்டிப் பார்த்தாள், உள்ளே டயாலிசிஸ் நாற்காலிகளைப் போய்ப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. உடனே நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். அந்தப் புகார் விருப்பப் பதிவுத் துறைக்குப் போனது. ஐந்து நோயாளிகள் டயாலிசிஸ் வேண்டும் என்கிறார்கள் என்று இருந்ததால், அது வெளியார் விருப்பம் என்று வகைப்படுத்தப்பட்டது. வெளியாருக்குப் பதிவெண் கிடையாது. கோப்பில் வைக்கப்பட்டது.

நால்வர் எப்படியோ வேறு ஆஸ்பத்திரியில் கெஞ்சி இடம் பிடித்தார்கள். மலைச்சாமிக்கு அப்படி யாரையும் தெரியாது. புதன்கிழமை மறுபடி வந்தார். பெயர் இல்லை.

வியாழக்கிழமை டோக்கன் கட்டுக்கு அடியில் அந்தப் புகாரின் நகலைப் பார்த்துப் பிரியம்வதாதான் அழகுபாண்டியிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஐந்து பெயரையும் திரும்பச் சேர்க்க முயன்றார். பதிவு பெற்ற விருப்பத்துக்கு முரணான செயல் என்று உதவியாளர் பணிவாக மறுத்தது. மூன்றாம் மாடிக்கு ஓடினார். விருப்பத்தை மாற்ற வேண்டுமானால், பிறர் ஆட்சேபிக்க வசதியாக ஏழு நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும் என்றார் ஹாலாஸ்யம். ஸ்ரீகுமாரிடம் போனார். அவர் எழுந்து நின்று அழகுபாண்டியின் தோளில் கை வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை அவசரக் கூட்டம் போட்டுவிடலாம், தைரியமாகப் போங்கள் என்றார். அழகுபாண்டியும் தைரியமாகத்தான் போனார். ஆஸ்பத்திரி பத்து மைல் தூரத்தில் இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு நேரே போய் அந்தப் பெஞ்சில் இருந்த ஆளுக்காகச் சண்டை போட்டிருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்தார். அன்று அவருக்கு அது தோன்றவில்லை. கூட்டத்துக்கு வேண்டிய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மலைச்சாமியை மொக்கையன் தூக்கித்தான் இறக்கினார். கால் இரண்டும் வீங்கியிருந்தன, மூச்சு இரைந்தது. சத்யப்ரியா டாக்டரைத் தேடி உள்ளே ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள், நகரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று மொக்கையன் ஆட்டோவைத் திருப்பிவிட்டார். பாதி வழியில் பின்னால் மூச்சின் இரைச்சல் நின்றுபோனது.

மாலையில் அவசரக் கூட்டம் நடந்தது. வர வேண்டிய அளவு ஆள் வராததால், கோரம் இல்லையென்று ஒத்திவைக்கப்பட்டது.

விசாரணை மட்டும் தாமதமாகவில்லை. மூன்றே நாளில் மூன்றாம் மாடியில் எல்லோரையும் உட்கார வைத்து ஸ்ரீகுமார் பேசினார். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "ஒரு உயிர் போயிருக்கு. அதுக்கு நாம பொறுப்பாங்கறத விட, இதுலேருந்து நாம என்ன கத்துக்கறோம்ங்கறதுதான் முக்கியம். நம்ம சிஸ்டம் அன்னிக்கு நூறு சதவீதம் சரியா வேலை செஞ்சிருக்கு. பதிவான விருப்பத்த அப்பிடியே நிறைவேத்தியிருக்கு. ஒரு எம்ப்ளாயியோட விருப்பத்துல இந்த மேனேஜ்மென்ட் என்னிக்கும் தலையிட்டதில்ல. அது நம்ம கல்ச்சர்."

அழகுபாண்டி தன் பழைய ஏழு வரிக் கோப்பை அச்செடுத்து வைத்திருந்தார். எழுந்து அதைக் கொடுத்தார். ஹாலாஸ்யம் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பதிவெண் இல்லை, முத்திரை இல்லை. "பதிவாகாத விருப்பம் விருப்பமே இல்ல சார். நாளைக்கு யார் வேணாலும் எனக்கு நல்ல எண்ணம் இருந்ததுன்னு ஒரு பேப்பரக் கொண்டுவந்து நீட்டலாம். கையெழுத்து எதுல இருக்கோ அதுதான் நீங்க" என்றார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தைத் திறந்து அந்தக் கையெழுத்தைக் காட்டினார். அது அழகுபாண்டியினுடையதுதான். பிரியம்வதா எழுந்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். டோக்கன் எண் கேட்டார்கள்.

அவரை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தில், அவருடைய விருப்பங்கள் நிறுவனத்தின் சொத்தாகத் தொடரும் என்று ஒரு பத்தி இருந்தது. அவர் நாற்காலிக்குப் புதிதாக வந்த பையனுக்கு அழகுபாண்டி என்ற பெயரிலேயே உதவியாளர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. துறை ஒரு பாடமும் கற்றுக்கொண்டது. இனி எந்தப் பெயரையும் எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாது என்று எல்லோருடைய விருப்பமும் ஒரே நாளில் திருத்தப்பட்டது. ஐந்து பெயர்களும் பட்டியலுக்குத் திரும்பி வந்தன. இதே முறையை நோயாளிகளுக்கும் விரிவாக்கலாம் என்று ஸ்ரீகுமார் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எடுத்துச் சொன்னார். அவர்களுக்கும் பிடித்துப்போனது.

ஒரு மாதம் அழகுபாண்டி வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. பிறகு ஒரு நாள் மொக்கையனைத் தேடிப் பிடித்து, அவரோடு மலைச்சாமியின் வீட்டுக்குப் போனார். மனைவி செல்லத்தாய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஏழாவது வரியை, அதை மாற்றியதை, தான் கையெழுத்துப் போட்டதை. அவள் வாளியைக் கீழே வைத்தாள். கடைசியில், "போடும்போதே ஒங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியும்மா" என்றார்.

அவள் அவரை ஏசவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. மொக்கையனிடம் போனைக் காட்டச் சொன்னாள். வாரம் இருமுறை அதில் செய்தி வந்துகொண்டிருந்தது. மலைச்சாமிக்குச் செவ்வாய் ஒன்பது மணி உறுதி செய்யப்பட்டது. மலைச்சாமி வரவில்லை. மலைச்சாமி தொடர்ந்து வராதது அவர் உடல்நலத்துக்குக் கேடு. "இத நிப்பாட்டணும். அந்த எடத்த இன்னொரு சீவனுக்காச்சும் குடுக்கணும். அதுக்கு என்ன செய்யணும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். தன்னிடம் இப்போது எந்தச் சாவியும் இல்லை என்று அவர் சொன்னார். அப்படியானால் கூட வாருங்கள் என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவளும் அந்த ஆட்டோவில் ஏறினாள். கவுண்டரில் சத்யப்ரியா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இறந்தவர் என்பதற்குப் பட்டியலில் வழியில்லை, பெயரை நீக்க முடியாது, நேரத்தை விட்டுக்கொடுக்க ஒரு படிவம் மட்டும் வந்திருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். நோயாளி விருப்பப் பதிவு. அதில் ஒரே வாக்கியம்தான். 'சிகிச்சைக்கு வர எனக்கு விருப்பமில்லை.' நோயாளியால் இயலாதபோது வாரிசு கையெழுத்திடலாம்.

அழகுபாண்டி படித்துக் காட்டினார். செல்லத்தாய் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு படிவத்தைக் கவுண்டருக்குள் திரும்பத் தள்ளினாள்.

"வர இஷ்டமில்லன்னு நான் எப்பிடிம்மா போடுவேன்? அவரு வந்தாரு. மூணு தடவ வந்தாரு. நீயே பாத்தேல்ல."

பின்னால் வரிசை நின்றது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. சத்யப்ரியா அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் மூன்று தேதிகளை எழுதினாள். வந்தார், சிகிச்சை கிடைக்கவில்லை என்று எழுதித் தன் பெயரையும் போட்டாள். பேனாவை அழகுபாண்டியிடம் நீட்டினாள். அவர் தன் பங்கை நான்கு வரியில் எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். கடைசியில் செல்லத்தாய் எழுத்துக்கூட்டிக் கையெழுத்திட்டு, தாளை மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். கலெக்டரிடம் கொடுப்பதா கோர்ட்டுக்குக் கொண்டுபோவதா என்று மொக்கையன் கேட்டார். ரெண்டுக்கும்தான் என்றாள்.

சத்யப்ரியா கவுண்டரை விட்டு வெளியே வந்தாள். பெஞ்சில் மூன்று வாரமாகக் காத்திருந்த கருப்பு என்ற கிழவரின் கையைப் பிடித்து, உள்ளே கூட்டிக்கொண்டு போய் மலைச்சாமிக்கு ஒதுக்கியிருந்த காலி நாற்காலியில் உட்கார வைத்தாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. கவுண்டர் திரையில் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. மலைச்சாமி இன்றும் வரவில்லை என்று அதற்கு நேரே சிவப்பில் பதிவாகியது.